7.82-ஆ, 8.33-ஆ? நம்ம ஜிபிஏ-வை நாமே போடுவது எப்படி

இன்ஜினியரிங் கவுன்சலிங் வழியா வந்த எல்லாருமே ஒரு தடவை நிறையிட்ட சராசரி போட்டிருக்கோம். அப்போ அதுக்குப் பேரு கட்-ஆஃப். மேத்ஸ் 100-க்கு அப்படியே, பிசிக்ஸ் பாதி, கெமிஸ்ட்ரி பாதி, மொத்தம் 200. மேத்ஸ் 90, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 70 எடுத்தவருக்கு 90 + 40 + 35 = 165. இன்னொருவர் மேத்ஸ் 70, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 90. அவருக்கு 70 + 40 + 45 = 155. ரெண்டு பேரும் மூணு பாடத்தில் எடுத்த மொத்தம் அதே 240-தான். ஆனா கட்-ஆஃப்ல பத்து வித்தியாசம். பத்து கட்-ஆஃப்னா எத்தனை கல்லூரி தள்ளிப் போகும்னு சாய்ஸ் ஃபில்லிங்ல உட்கார்ந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? மேத்ஸுக்கு எடை அதிகம். அவ்வளவுதான். காலேஜ் வந்ததும் அதே விஷயம் வேற சட்டை போட்டுக்கிட்டு வருது. எடைக்குப் பேரு கிரெடிட், சராசரிக்குப் பேரு ஜிபிஏ. (தமிழ் மீடியத்துல படிச்ச என் ரூம்மேட்தான் 'நிறையிட்ட சராசரி'ங்கிற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தான். நான் ஆறு வருஷமா வெயிட்டட் ஆவரேஜ்னு மட்டுமே சொல்லிக்கிட்டிருந்தேன்.)

நம்ம ஊர் ஆட்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கு. சிப்காட் பக்கம் கம்பி உருட்டும் ஆலைகள், இரும்பு உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்கள் நிறைய. ஃபர்னஸ்ல என்ன போடணும்னு முடிவு பண்றதுக்கு சார்ஜ் கணக்குன்னு பேரு. 0.15 சதவீதம் கார்பன் இருக்கிற சாதா ஸ்டீல் ஸ்க்ராப் 900 கிலோ, 3.5 சதவீதம் கார்பன் இருக்கிற வார்ப்பிரும்பு ஸ்க்ராப் 100 கிலோ போட்டா, உருகின இரும்புல கார்பன் எவ்வளவு? 0.15-ஐயும் 3.5-ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 1.825 வரும். அந்தப் பதிலைச் சொன்னா ஃபர்னஸ் ஆபரேட்டர் சிரிப்பார். சரியான கணக்கு: 900 கிலோவில் கார்பன் 1.35 கிலோ, 100 கிலோவில் 3.5 கிலோ, ஆக 1,000 கிலோவில் 4.85 கிலோ, அதாவது 0.485 சதவீதம். உருகும்போது கொஞ்சம் கார்பன் எரிஞ்சு போகும், அது தனிக் கணக்கு. வார்ப்பிரும்பு பத்தில் ஒரு பங்குதான், அதனால அதன் குரலும் பத்தில் ஒரு பங்குதான் கேட்கும்.

இப்போ மார்க் ஷீட்டுக்கு வருவோம்.

நான் சொல்றது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான ரெகுலேஷன் 2021-ஐ வச்சு. உங்க காலேஜ் அட்டானமஸ்னாலோ, உங்க பேட்ச்சுக்கு வேற ரெகுலேஷன்னாலோ கிரேடு பட்டியலை மட்டும் மாத்திக்கோங்க. கணக்கு போடும் முறை மாறாது.

கிரேடுக்கு உரிய பாயின்ட்: ஓ என்றால் 10, ஏ ப்ளஸ் 9, ஏ 8, பி ப்ளஸ் 7, பி 6, சி 5. யு வந்தா பூஜ்ஜியம், அதாவது அரியர்.

கிரெடிட் எங்கிருந்து வருது? வாரத்துக்கு ஒரு லெக்சர் பீரியட்னா 1 கிரெடிட், ஒரு டுட்டோரியலுக்கு 1, லேப் பீரியட் ஒண்ணுக்கு அரை. அதனாலதான் வாரத்துக்கு நாலு பீரியட் நின்னு கால் வலிக்கும் லேப் 2 கிரெடிட்டோட நின்னுடுது, மூணு லெக்சரும் ஒரு டுட்டோரியலும் உள்ள மேத்ஸ் 4 கிரெடிட் வாங்கிக்குது. இது நியாயமான்னு எனக்குத் தெரியல. ஒரு லேப் ரெக்கார்டு எழுத ஆகிற நேரத்தை யாரும் அளந்த மாதிரி தோணல. ஆனா விதி அதுதான்.

முதல் செமஸ்டரையே எடுத்துக்கலாம், ஏன்னா அது எல்லா கிளைக்கும் பொது. ஒரு மாணவி வாங்கின கிரேடு இப்படின்னு வச்சுக்கோங்க:

புரொஃபஷனல் இங்கிலீஷ், 3 கிரெடிட், ஏ: 3 × 8 = 24
மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், 4 கிரெடிட், பி: 4 × 6 = 24
இன்ஜினியரிங் பிசிக்ஸ், 3 கிரெடிட், பி ப்ளஸ்: 3 × 7 = 21
இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி, 3 கிரெடிட், பி ப்ளஸ்: 3 × 7 = 21
பைத்தான் தியரி, 3 கிரெடிட், ஏ: 3 × 8 = 24
தமிழர் மரபு, 1 கிரெடிட், ஓ: 1 × 10 = 10
பைத்தான் லேப், 2 கிரெடிட், ஓ: 2 × 10 = 20
பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப், 2 கிரெடிட், ஏ ப்ளஸ்: 2 × 9 = 18
இங்கிலீஷ் லேப், 1 கிரெடிட், ஓ: 1 × 10 = 10

மொத்தப் பெருக்கல் 172. மொத்த கிரெடிட் 22. 172-ஐ 22-ஆல் வகுத்தா 7.82. அதுதான் ஜிபிஏ.

இதே மாணவி கிரேடு பாயின்ட்டை மட்டும் கூட்டி ஒன்பதால வகுத்திருந்தா 75 ÷ 9 = 8.33 வந்திருக்கும். அரை பாயின்ட் அதிகம். அந்த அரை பாயின்ட் எங்கே போச்சு? ஓ வாங்கின மூணும் சின்ன கிரெடிட் பாடங்கள். பி வாங்கினது பெரிய கிரெடிட் பாடம். ஹாஸ்டல்ல ரிசல்ட் அன்னிக்கு ராத்திரி "எனக்கு எட்டுக்கு மேல"ன்னு கத்துற பாதிப் பேர் இந்த 8.33 வகைதான்.

இந்தக் கணக்கிலேயே இன்னொண்ணும் பார்க்கலாம். மேத்ஸ்ல பி-க்குப் பதிலா ஏ வாங்கியிருந்தா ரெண்டு பாயின்ட் கூடுதல், நாலு கிரெடிட், ஆக 8 சேர்ந்து 180 ÷ 22 = 8.18. தமிழர் மரபுல ஓ-விலிருந்து ஏ-க்கு இறங்கியிருந்தா அதே ரெண்டு பாயின்ட்தான், ஆனா இழப்பு 170 ÷ 22 = 7.73, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழர் மரபைப் படிக்காதீங்கன்னு சொல்ல வரல. எனக்கு முதல் வருஷத்துல தூங்காம கவனிச்ச ஒரே வகுப்பு அது. ஆனா எக்ஸாமுக்கு முன்னாடி மூணு நாள்தான் மிச்சம்னா, அந்த மூணு நாள் எங்கே போகணும்னு கிரெடிட் காலம் சொல்லும்.

அடுத்தது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். அரியர் வச்ச பாடம் ஜிபிஏ கணக்குல பூஜ்ஜியமா சேராது, சேரவே சேராது. பாஸ் பண்ணின பாடங்களை மட்டும்தான் எடுத்துக்கிறாங்க. மேலேயும் கீழேயும், ரெண்டு இடத்திலும் அந்தப் பாடம் காணாமப் போயிடும்.

இதோட விளைவு வேடிக்கையா இருக்கும். மேலே சொன்ன மாணவி மேத்ஸ்ல பி வாங்காம யு வாங்கியிருந்தா? 172-லிருந்து 24 போய் 148. 22-லிருந்து 4 போய் 18. 148 ÷ 18 = 8.22. பாஸ் ஆனா 7.82, ஃபெயில் ஆனா 8.22! அடுத்த தடவை எழுதி சி கிரேடுல கிளியர் பண்ணினா 168 ÷ 22 = 7.64. "அரியர் கிளியர் பண்ணினேன், சிஜிபிஏ குறைஞ்சுடுச்சு, யுனிவர்சிட்டி தப்பா போட்டுட்டாங்க"ன்னு புலம்புற ஜூனியர் ஒவ்வொரு செமஸ்டரும் ஒருத்தராவது வருவாங்க. யாரும் தப்பா போடல. முன்னாடி இருந்த 8.22-தான் காற்றடைச்ச பலூன். கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியும். அதனாலதான் சிஜிபிஏ கேட்கிற அதே ஃபார்ம்ல ஸ்டாண்டிங் அரியர் எத்தனைன்னு தனியா ஒரு கட்டம் வச்சிருக்காங்க. எட்டரைக்கு மேல் இருந்தா டிஸ்டிங்ஷன்னு நினைக்கிறவங்களும் கவனிக்கணும்: 8.50 சிஜிபிஏ மட்டும் போதாது, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே பாஸ் பண்ணியிருக்கணும்.

சிஜிபிஏ-வுக்கு வருவோம். சறுக்கல் அதிகம் நடக்கிற இடம் இதுதான்.

ஆறு செமஸ்டர் ஜிபிஏ-வைக் கூட்டி ஆறால வகுத்தா சிஜிபிஏ கிடைக்காது. எல்லா செமஸ்டரின் பெருக்கல் மொத்தத்தையும் கூட்டி, எல்லா செமஸ்டரின் கிரெடிட் மொத்தத்தால வகுக்கணும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் கிரெடிட் வேற வேற, அதனால எடையும் வேற.

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். எண்களை ஒரு தசமத்துக்குச் சுருக்கி, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாத்தியிருக்கேன். அவரோட ஆறு செமஸ்டர் ஜிபிஏ: 6.8, 6.5, 6.8, 7.0, 7.4, 7.6. பார்த்தாலே தெரியும், ஆரம்பத்துல தடுமாறி பிறகு ஏறி வந்தவர். அப்பா சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, இவர் ரெண்டாவது வருஷம் வரைக்கும் சாயங்காலம் ஒரு கடையில நின்னுக்கிட்டே படிச்சவர். ஒரு கம்பெனி கேம்பஸுக்கு வந்தது, கட்-ஆஃப் 7.0. கூட்டிப் பார்த்தார்: 42.1 ÷ 6 = 7.02. ஃபார்ம்ல 7.02-ன்னு போட்டார். ரெண்டு ரவுண்டும் கிளியர் பண்ணினார்.

டாக்குமென்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டிக்கிச்சு. அவரோட கிரெடிட் வரிசை 22, 26, 24, 22, 20, 17. பெருக்கிப் பாருங்க: 149.6 + 169 + 163.2 + 154 + 148 + 129.2 = 913. மொத்த கிரெடிட் 131. 913 ÷ 131 = 6.97. குறைஞ்ச ஜிபிஏ வந்த செமஸ்டர்களில் கிரெடிட் அதிகம், நல்ல ஜிபிஏ வந்தவற்றில் குறைவு. அதனால சாதா சராசரி அவருக்கு 0.05 கடன் கொடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்கிச்சு. அவர் பொய் சொல்லல. ஆனா அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தப்பான கணக்குக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சுக்க நேரமும் இல்லை. பிளேஸ்மென்ட் சார் பேசிப் பார்த்தார், நடக்கல. அந்த ஆஃபர் போயிடுச்சு. 6.97-ன்னே போட்டிருந்தா அந்தக் கம்பெனியில உட்கார முடிஞ்சிருக்காது, அது வாஸ்தவம். ஆனா அந்த ஒரு மாசத்தை 6.5 கட்-ஆஃப் வச்சிருந்த மத்த கம்பெனிகளுக்குப் படிக்கச் செலவழிச்சிருப்பார். அவர் அதைத்தான் இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கார்.

இப்போ எதிர்காலக் கணக்கு. "நான் நாலு செமஸ்டர் முடிச்சுட்டேன், 6.8, இனிமே 7.5 ஆக்க முடியுமா?" இதுக்கு ஜாதகம் தேவையில்லை. இலக்கு சிஜிபிஏ-வை அப்போதைய மொத்த கிரெடிட்டால பெருக்கு, இதுவரைக்கும் சேர்த்த பாயின்ட்டைக் கழி, மிச்ச கிரெடிட்டால வகு. அவ்வளவுதான்.

நாலு செமஸ்டர்ல 90 கிரெடிட், சிஜிபிஏ 6.8. சேர்த்த பாயின்ட் 612. மொத்தப் படிப்பும் 160 கிரெடிட்னு வச்சுக்குவோம் (கிளைக்குக் கிளை மாறும், உங்க கரிகுலம் பிடிஎஃப்ல கடைசிப் பக்கம் பாருங்க). 160 × 7.5 = 1,200. அதுல 612 போக 588. மிச்ச கிரெடிட் 70. 588 ÷ 70 = 8.4. அதாவது இனி வரும் எல்லாச் செமஸ்டரிலும் சராசரியா 8.4 வேணும். கஷ்டம், ஆனா நடக்காததில்லை.

ஆனா பிளேஸ்மென்ட் எட்டாவது செமஸ்டர் முடியும் வரை காத்திருக்காது. ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச கையோட கம்பெனிகள் வர ஆரம்பிச்சுடும். அப்போ உங்ககிட்ட 136 கிரெடிட்தான் இருக்கும்னு வச்சுக்குவோம். 136 × 7.5 = 1,020. 612 போக 408. மிச்சம் 46 கிரெடிட். 408 ÷ 46 = 8.87. இதுவரைக்கும் 6.8 எடுத்தவர் ரெண்டே செமஸ்டர்ல 8.87 எடுப்பாரா? எடுத்தவங்களை நான் பார்த்ததில்லை. அதே ஆள் 7.0-க்கு இலக்கு வச்சா? 136 × 7 = 952. 612 போக 340. 340 ÷ 46 = 7.39. இது கைக்கு எட்டுற தூரம். என்னைக் கேட்டா 7.5 கனவைத் தள்ளி வச்சுட்டு 7.0-ஐ உறுதியா தாண்டுற வேலையைப் பார்க்கச் சொல்வேன். மிஞ்சின நேரத்தை ஆப்டிடியூடுக்குக் கொடுக்கலாம்.

கடைசி செமஸ்டர்ல நிலைமை வேற. நிறைய கிளைகளில் எட்டாவது செமஸ்டர்னா 10 கிரெடிட் ப்ராஜெக்ட். 150 கிரெடிட் முடிச்சு 7.40-ல நிக்கிறவர் (1,110 பாயின்ட்) ப்ராஜெக்ட்ல ஓ வாங்கினா 1,210 ÷ 160 = 7.56. ஏ ப்ளஸ் வாங்கினா 1,200 ÷ 160, சரியா 7.50. ஏ வாங்கினா 7.44. சாதா சராசரிப்படி பார்த்தா ஓ வாங்கினவருக்கு 7.72 வரணும், வராது. பத்து கிரெடிட்டுக்கு அவ்வளவு பலம் இல்லை. ஆனாலும் ஒரே கிரேடு, 7.5-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு முடிவு பண்ணுது. ப்ராஜெக்ட் டீம்ல "யாராவது ஒருத்தர் பண்ணிடுவாங்க"ன்னு உட்கார்ந்திருக்கிற அன்பர்கள் இந்த வரியை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

இன்டர்னல் மார்க்குக்கும் இதே சூத்திரம்தான். தியரி பாடத்துல இன்டர்னல் 40, எண்ட் செமஸ்டர் 60. எக்ஸாம் 100-க்கு எழுதி 60-க்குச் சுருக்குவாங்க. பாஸ் ஆக ரெண்டு நிபந்தனை: ரெண்டும் சேர்ந்து 50 வரணும், எக்ஸாம்ல மட்டும் தனியா 45 சதவீதம் வரணும்.

எக்ஸாம்ல சரியா 45 எடுத்தா 60-க்கு 27. 50-க்கு இன்னும் 23 வேணும். ஆக உங்க இன்டர்னல் 23-க்கு மேல இருந்தா, அது 24-ஆ 39-ஆ என்பது பாஸ் ஆகிற விஷயத்துல எந்த மாற்றமும் தராது. 45 எடுத்தே ஆகணும். இன்டர்னல் 38, எக்ஸாம் 40-ன்னா மொத்தம் 38 + 24 = 62. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ரிசல்ட் யு. இன்டர்னல் 15-ன்னா 35 வேணும், 35-ஐ 60-ஆல வகுத்தா எக்ஸாம்ல 59 எடுக்கணும். இன்டர்னல் வந்த அன்னிக்கே எல்லாப் பாடத்துக்கும் இந்த எண்ணைப் பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. எக்ஸாம் ஹால்ல எத்தனை கேள்வியைத் தொட்டாப் போதும்னு தெளிவு வரும்.

எந்த மார்க்குக்கு எந்த கிரேடுன்னு கேட்காதீங்க, அதுல ஒரு சிக்கல் இருக்கு. ரெகுலேஷன் 2017-ல வரம்பு நிலையானது: 91-லிருந்து ஓ, 81-லிருந்து ஏ ப்ளஸ், 71-லிருந்து ஏ, 61-லிருந்து பி ப்ளஸ், 50-லிருந்து பி. ரெகுலேஷன் 2021-ல ரிலேட்டிவ் கிரேடிங் வந்தது. பாஸ் ஆனவங்க எண்ணிக்கை குறைவா இருந்தாதான் நிலையான வரம்பு. அதிகமா இருந்தா எல்லாரும் எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்துதான் எல்லைக்கோடு விழும். அதனால 81 எடுத்தா ஏ ப்ளஸ்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. எதிர்காலக் கணக்கு போடும்போது மார்க்கை விட்டுட்டு கிரேடை வச்சே போடுங்க.

லேட்டரல் என்ட்ரி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டிப்ளமோ முடிச்சு நேரா மூணாவது செமஸ்டர்ல வந்தவங்களுக்கு சிஜிபிஏ அங்கிருந்துதான் ஆரம்பம். முதல் வருஷ மேத்ஸ், பிசிக்ஸ் பாரம் இல்லை. அதே சமயம் மொத்த கிரெடிட் குறைவுங்கிறதால ஒரு மோசமான செமஸ்டர் மத்தவங்களைவிடக் கொஞ்சம் ஆழமா இழுக்கும்.

கணக்கு போட ஆப் தேட வேண்டாம். சிலது பழைய ரெகுலேஷனை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், சிலது யு-வைப் பூஜ்ஜியமா சேர்த்துடும். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ ஒரு காலத்துல கிரெடிட், பக்கத்துக் காலத்துல பாயின்ட் போட்டு, சம்ப்ராடக்ட் ஃபங்ஷனை ரெண்டு காலத்துக்கும் கொடுத்து, கிரெடிட் மொத்தத்தால வகுங்க. அரியர் பாடம் இருந்தா அந்த வரிசையை ரெண்டு காலத்திலும் காலியா விடணும். பாயின்ட்டை மட்டும் பூஜ்ஜியமாக்கிட்டு கிரெடிட்டை விட்டு வச்சா மொத்தமும் தப்பா வரும். சென்ட்ரல்ல லோக்கல் ஏறினா மீஞ்சூர் வர்றதுக்குள்ள ஆறு செமஸ்டரும் போட்டு முடிச்சுடலாம்.

பர்சென்டேஜ் கேட்டா என்ன பண்றது? நம்ம பக்கம் சிஜிபிஏ-வைப் பத்தால பெருக்குறது வழக்கம். சிபிஎஸ்இ பத்தாவதுல 2017 வரைக்கும் சிஜிபிஏ இருந்தப்போ 9.5-ஆல பெருக்குவாங்க, அதை இங்கே கொண்டு வராதீங்க. வேற சில பல்கலைக்கழகங்களில் சிஜிபிஏ-லிருந்து 0.75 கழிச்சுட்டுப் பத்தால பெருக்குவாங்க, அங்கே 7.25-ன்னா 65 சதவீதம். ஃபார்ம்ல எந்த முறைன்னு போட்டிருந்தா அதையே பின்பற்றுங்க. போடலைன்னா சிஜிபிஏ-வை அப்படியே எழுதி, 10-க்குன்னு பக்கத்துல குறிச்சுட்டு, மார்க் ஷீட்ல இருக்கிற ரெண்டு தசமத்தையும் மாத்தாம விடுங்க. 6.97-ஐ 7-ன்னு ரவுண்ட் பண்ணாதீங்க.